முப்பது நாள் சலுகை இப்போது இல்லை

ஆசிரியருக்கு,

ஓட்டுநர் உரிமம் காலாவதியானாலும் முப்பது நாள் வரை வண்டி ஓட்டலாம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அந்தச் சலுகையை 2019 செப்டம்பர் 1 முதல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அட்டையிலுள்ள தேதி முடிந்த மறுநாளே நாம் உரிமம் இல்லாதவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறோம். பிடிபட்டால் அபராதம் 5,000 ரூபாய். அதைவிடப் பெரிய அடி காப்பீட்டில் விழும். விபத்து நடந்தால் நம் வண்டிச் சேதத்துக்குப் பணம் தர நிறுவனம் மறுக்கலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டையும் உரிமையாளரிடமே வசூலிக்க வழியுண்டு.

அதே திருத்தம் ஒரு நல்லதும் செய்திருக்கிறது. தேதி முடிய ஓராண்டு இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் புதிய காலம் புதுப்பித்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும் என்பதால், ரொம்பவும் முந்திக்கொண்டால் மிச்ச மாதங்கள் வீண். கடைசி மூன்று மாதம்தான் சரியான நேரம் என்பேன். தேதி தாண்டிய பிறகும் ஓராண்டு வரை புதுப்பிக்கலாம். இடையில் வண்டியை எடுக்கக் கூடாது. ஓராண்டும் கடந்துவிட்டால் மறுபடி எட்டு போட்டுக் காட்ட வேண்டும்.

பழைய புத்தக உரிமம் வைத்திருப்பவர்கள்தான், உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் அரசின் 'சாரதி' இணையதளத்தில் அதிகம் திணறுகிறார்கள். இப்போதைய எண்ணில் மாநில எழுத்து இரண்டு, அலுவலக எண் இரண்டு, ஆண்டு நான்கு, வரிசை எண் ஏழு என்பதே பொதுவான அமைப்பு. பழைய வரிசை எண் சிறியதாக இருந்தால் முன்னால் பூஜ்யங்கள் சேர்த்து ஏழு இலக்கமாக்கிப் பாருங்கள். அப்படியும் விவரம் வரவில்லையென்றால் உங்கள் பதிவு கணினியில் ஏறாமல் இருக்கலாம். அசல் புத்தகத்தோடு, உரிமம் கொடுத்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே போய் ஏற்றச் சொல்ல வேண்டும். பிறந்த தேதி தவறாக ஏறியிருந்தாலும் அங்கேதான் திருத்த வேண்டும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும்.

நாற்பது வயது கடந்தவர்கள் படிவம் 1ஏ மருத்துவச் சான்றும் இணைக்க வேண்டும். மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.

லாரி, வேன் ஓட்டுநர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அட்டையில் அவர்களுக்கு இரண்டு தேதிகள் இருக்கும். சொந்த வண்டிக்கான தேதி நீளமாக இருக்கும். போக்குவரத்து வாகனத்துக்கு ஐந்தாண்டுதான், ஆபத்தான சரக்கு ஏற்றினால் மூன்றாண்டு. நீளமான தேதியை நம்பி ஓட்டிப் பிழைப்பை இழப்பவர்கள் இவர்கள்தான். முப்பது நாள் சலுகை இல்லை என்பதை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க அரசு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் வாசகர்