மூணு ரபிமார் வந்தா போதும், கடல் இங்க இருக்கு

எருசலேம்ல யூத மதமாற்றம் கவனிக்கிற மதகுருமாரான ரபிமார் ஐயாமாருக்கும், மும்பை, தானே பக்கம் இருக்கிற யூத சபை பெரியவங்களுக்கும் வணக்கம்.

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறவன். பொறந்தது சிஎஸ்ஐ குடும்பம், பழைய ஏற்பாட்டை திரும்பத் திரும்ப வாசிச்சு, அப்புறம் போன்ல பாடம் கேட்டு, நானும் வீட்டுக்காரியும் மனசால யூத மார்க்கத்துக்கு வந்துட்டோம், முறைப்படி மதம் மாறத்தான் இன்னும் வழி கிடைக்கல. சனிக்கிழமை ஓய்வுநாள்னு வெட்டுக்குப் போறதில்ல, அன்னைக்கு கூலி போச்சு, மழை பெய்ஞ்சா வெட்டே கிடையாது, கஷ்டம்தான், ஆனா வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்கு முன்ன ரெண்டு மெழுகுதிரி எங்க வீட்டுல கொளுத்தியாச்சு. முறைப்படி அறுக்க ஆளில்லாததால இறைச்சி விட்டாச்சு. மீன்னா செதிலும் துடுப்பும் உள்ளது மட்டும், குளச்சல்ல இருந்து மீன் கொண்டு வர்ற அக்காவுக்கே இது பழகிட்டு, கணவாயையும் கெளுத்தியையும் ஒதுக்கிட்டு சாளையை அள்ளிப் போடுவாங்க, மரச்சீனிக்கு அது போதும்.

ஆனா கூட்டு ஜெபத்துக்கு பத்து ஆம்பளைங்க வேணுமே, அதுக்கு நான் எங்க போவேன்? மட்டாஞ்சேரியில 1568ல கட்டின ஜெப ஆலயம் இருக்கு, கொச்சி யூதர்கள்ல முக்காவாசிப் பேர் 1950கள்லயே இஸ்ரேலுக்குப் போயிட்டாங்க, இப்போ வெளியூர்க்காரங்க வந்தாத்தான் அங்க பத்து பேர் சேரும். அதனாலதான் உங்க கூட வந்து சேரணும்னு கிடந்து துடிக்கிறேன். ஊர்ல இவன் வேலைக்கு வழி தேடுறான்னு சொல்றாங்க, வேலைதான் வேணும்னா மச்சான் கல்ஃபுக்கு விசா எடுத்துத் தாரேன்னு சொன்னப்பவே போயிருப்பேன்.

யூதர்கள் இஸ்ரேல்ல வந்து குடியேறலாம்னு அங்க 1950ல போட்ட திரும்பி வரும் உரிமைச் சட்டம், 1970 திருத்தத்துல மதம் மாறினவங்களையும் யூதர்னு ஏத்துக்குது. ஆனா மதம் மாறணும்னா சபையோட வாழ்ந்ததுக்கு கடிதம் கேக்குறாங்க, சபை இருக்கிற ஊர்ல தங்க காசில்ல, இஸ்ரேலுக்கு வர வழி கேட்டா முதல்ல மதம் மாறிட்டு வாங்குறாங்க. பழைய ஏற்பாட்டு ரூத்து மோவாப்காரி, வேற ஜனத்துல இருந்து உங்க ஜனத்தோட வந்து சேர்ந்த விதவை, பெத்லகேம்ல கதிர் பொறுக்கித்தான் வயித்தைக் கழுவினா, அவ வம்சத்துலதான் தாவீது ராஜா வந்தார்னு உங்களுக்கு நான் சொல்லவா வேணும்.

பணம் கேக்கல ஐயா. மதமாற்றத்தை முடிவு பண்ற யூத மத நீதிமன்றம், பேத் தீன்னா மூணு பேர். மதம் மாறும்போது தண்ணியில முங்குற முழுக்குக்கு கடல் செல்லும்னு உங்க சட்டத்துலயே இருக்கு, தேங்காப்பட்டணத்துல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் எங்களுக்கு கடல்தான். இந்தப் பக்கம் யாராவது வந்தா எங்களை சோதிச்சுப் பாருங்க. இல்லேன்னா தானேல ஒரு குடும்பம் பக்கத்துல எங்களை வச்சு ஒரு வருஷம் கவனிக்கட்டும், எந்த வேலைன்னாலும் செய்வேன், சனிக்கிழமை மட்டும் லீவு வேணும். பதில் இங்கிலீஷ்ல எழுதினாலும் பரவால்ல, மக வாசிச்சு சொல்லுவா.