தார்ப் பாலைவனத்தின் எல்லை எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் காவிரி டெல்டாவின் கடைமடை வறட்சி பற்றிய கட்டுரையில், 'ராஜஸ்தான் முழுவதும் பரந்து கிடக்கும் தார்ப் பாலைவனம் போல டெல்டாவும் ஆகிவிட்டது' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஒரே வரியில் இரண்டு நிலத்தையும் தப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

ராணுவத்தில் இருந்தபோது பார்மேர், ஜெய்சல்மேர் பக்கம் வேலை பார்த்தவன் நான். தார் ராஜஸ்தான் முழுக்கவும் இல்லை, ராஜஸ்தானோடு முடியவும் இல்லை. கிழக்கே ஆரவல்லி மலைத்தொடரோடு அது நின்றுவிடுகிறது. அதே மாநிலத்து அபு மலையில் நம் தஞ்சாவூரைவிட அதிகமாக மழை பெய்கிறது, தெரியுமல்லவா? வடக்கே சட்லெஜ், தெற்கே கட்ச் ரண் என்கிற உப்புச் சதுப்பு நிலம், மேற்கே சிந்து சமவெளி. பாகிஸ்தானுக்குள் தார்பார்க்கர், சோலிஸ்தான் என்று அதே பாலை தொடர்ந்து போகிறது. கட்டுரையோடு நீங்கள் போட்ட வரைபடத்திலோ நாட்டு எல்லையோடு மணல் தீர்ந்துவிட்டது.

எல்லை சொல்வது லேசான காரியம் இல்லைதான். மணலை வைத்துப் பார்த்தால் ஒரு கோடு வரும், மழையை வைத்துப் பார்த்தால் வேறு கோடு வரும். ஆண்டுக்கு 250 மி.மீ. மழை பெய்கிற இடங்களை இணைக்கும் கோட்டுக்கு மேற்கேதான் அசல் மணல்காடு. கிழக்கே சீகர், ஜுன்ஜுனு, பாலி பக்கமெல்லாம் அரைவறட்சி நிலம், கம்பு விதைக்கிறார்கள், ஆடு மாடு மேய்க்கிறார்கள். அப்புறம், பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து இந்திரா காந்தி கால்வாய் வந்த இடங்களில் மணல்மேட்டை ஒட்டியே கோதுமை விளைகிறது. தண்ணீர்தான் வந்தது, மழை கூடவில்லை. அதைப் பாலைவனத்தில் சேர்ப்பதா, விடுவதா? இதற்கென்றே ஜோத்பூரில் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் 1959-லிருந்து இருக்கிறது. எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். ஜெய்சல்மேரில் வருஷம் முழுக்கப் பெய்வதைவிட வேதாரண்யத்தில் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது அதிகம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராமல், வாய்க்கால் தூர்ந்து கிடப்பதால் காய்கிற பயிர் எங்களுடையது. அதைப் பாலைவனம் என்று எழுதிவிட்டால் பழி இயற்கைமேல் போய்விடுகிறது, தூர்வார வேண்டியவர்களை யாரும் கேட்கப்போவதில்லை.

டெல்டாவின் எல்லையையாவது ஒழுங்காகப் போடுகிறீர்களா என்றால் அதுவும் இல்லை. காட்டுமன்னார்கோவில், அறந்தாங்கி வட்டாரங்கள் டெல்டா விளைநிலத்தைக் காக்க வந்த 2020 வேளாண் மண்டலச் சட்டத்திலேயே இருக்கின்றன, உங்கள் வரைபடத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை. கொள்ளிடக் கரையில் இருக்கிற அரியலூர் மாவட்டத்தைச் சட்டம் விட்டுவிட்டது, அதைப் பற்றி நீங்களும் எழுதவில்லை. காகிதத்தில் போடுகிற கோடு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் வயல் காய்ந்த வருஷம், பக்கத்துக் கிராமத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடியதைக் காட்டி, எங்கள் பகுதி முழுவதும் விளைந்ததாகக் கணக்கெழுதிப் பயிர்க் காப்பீட்டை மறுத்தார்கள். அலைந்து அலைந்து பார்த்தும் ஒரு ரூபாய் வரவில்லை. அப்போது உங்களுக்கு எழுதிய கடிதமும் வெளியாகவில்லை.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், ஆரவல்லி, சட்லெஜ், ரண், சிந்து நான்கும் தெரிகிற வரைபடத்தோடு. கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
வேதாரண்யம் வட்டத்து வாசகர் ஒருவர்