லங்காவியில் நிற்கும் படகுக்காக மும்பையில் ஓடியவர்களுக்கு

மாட்டுங்கா, தாராவி, செம்பூர், கௌலா பந்தர் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம். படகு வேலை முடிந்துவிட்டது! மலேசியாவில், லங்காவித் தீவில் கரையேற்றி முட்டுக்கால்களின் மேல் நிறுத்தி வைத்திருந்த எங்கள் 34 அடி ஃபைபர் பாய்மரப் படகை, வரும் பௌர்ணமியை ஒட்டி கடல் ஏற்றம் நன்றாக இருக்கும் ஒரு காலையில் தண்ணீரில் இறக்குகிறோம். அங்கேயே கிடந்து வேலை பார்த்தவன் மச்சான். நான் இங்கே ஆபீஸுக்கும் போய்க்கொண்டு, லீவு கிடைத்தபோதெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்தவன். அந்தப் பெட்டிக்குள் போனதில் பாதி உங்கள் கைவேலை. உங்களில் ஒருவர்கூட அந்தப் படகை நேரில் பார்த்ததில்லை, அதனால்தான் எது எங்கே போய் உட்கார்ந்தது என்று விவரமாக எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டதால் போடவில்லை.

முதலில் கௌலா பந்தர் அண்ணாச்சி. படகின் அடியில், கடல்நீர் உள்ளே வரும் குழாய்களுக்கெல்லாம் ஒவ்வொரு வால்வு உண்டு. கழற்றிய பழைய வால்வு ஒன்றை, அதே மாதிரி வாங்கலாம் என்று கொண்டு வந்திருந்தேன். அவர் அதை வாங்கிப் பேனாக்கத்தியால் மரையைச் சுரண்டினார். மஞ்சளாக மின்ன வேண்டிய இடம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது, நகத்தால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. "பித்தளை, தம்பி. உப்புத்தண்ணி துத்தநாகத்தத் தின்னுட்டு வெறும் செம்ப விட்டு வச்சிருக்கு. இதையே திரும்பப் போட்டா நடுக்கடல்ல கையோட வந்துரும்" என்றார். அப்புறம் தாருகானாவில் கடை கடையாக ஏறி இறங்கி, கன்மெட்டல் (வெள்ளீயம் கலந்த செம்பு, உப்புத்தண்ணீருக்குத் தாங்கும்) வால்வுகளாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் பழைய குழாய்த் துண்டை முறுக்கி மரை சேர்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்க விட்டார். கமிஷன் கிடையாது, டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

செம்பூர் மாமா, பெயின்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படகின் அடிப்பாகத்தில் கொப்புளம் கொப்புளமாக வந்திருந்ததைச் சுரண்டி, உலர்த்தி, எப்பாக்சி என்கிற பிசின் பூசத் தொடங்கியபோது, மேல்பூச்சு ஒட்டவே மாட்டேன் என்றது. மாமா போனிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஈரக்காற்றில் எப்பாக்சி இறுகும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் படியுமாம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது தாளில் அப்பிக்கொள்ளுமே தவிரப் போகாது, வெறும் தண்ணீர் ஊற்றிப் பாத்திரம் தேய்க்கும் நாரால் கழுவு என்றார். வெறும் தண்ணீர்! மச்சான் நம்பவில்லை, ஒரு மூலையில் மட்டும் கழுவிப் பார்த்துவிட்டு, அப்புறம் முழுப் படகையும் கழுவினான்.

90 அடி ரோடு தையல்கார அண்ணனைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். தோல் பை தைக்கிற மிஷினில் பாய்க்கு உறையும், மெத்தை உறைகளும் தைத்துக் கொடுத்தார். மச்சான் கண்ணாடித்தாளில் வெட்டி அனுப்பிய அளவுகளைத் தரையில் விரித்து, "உன் மச்சான் நேர்கோடே பார்த்ததில்லையா?" என்று திட்டிக்கொண்டே, பருத்தி நூல் வெயிலுக்கும் உப்புக்கும் தாங்காது என்று பாலியஸ்டர் நூலில் இரட்டைத் தையல் போட்டார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது, ஒன்றைக்கூடப் பிரித்துத் தைக்கவில்லை.

வால்வு உடைந்தால் அடைக்க மர ஆப்புகள் செதுக்கிக் கொடுத்த ஆசாரிக்கும், நான் இல்லாத நாட்களில் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போன எதிர்வீட்டு அக்காவுக்கும், என்ன சொல்ல, கடன்பட்டிருக்கிறேன்.

லங்காவியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் அக்கா தினமும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மச்சானை வேலைக்கு விட்டார். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பிய கடாரம், லங்காவி இருக்கும் இந்தக் கெடா மாநிலம்தான், அவன் ஒரு படையையே கொண்டுவந்த கடற்கரையில் எங்களுக்கு ஒரு படகை இறக்க இத்தனை பேர் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

இனி இறக்குகிற நாள். லிஃப்ட் பட்டைகளில் படகைத் தூக்கியதும், முட்டுக்கால்கள் மறைத்திருந்த இடங்களுக்கு அடிப் பெயின்ட் அடிக்க வேண்டும், அது காய்ந்த பிறகுதான் தண்ணீர். தண்ணீரில் இறங்கினாலும் பட்டைகளை உடனே கழற்றமாட்டார்கள். மச்சான் டார்ச்சோடு உள்ளே போய், ஒவ்வொரு வால்வுக்கு அடியிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரை வைத்துப் பார்ப்பான். எல்லாம் காய்ந்தே இருந்தால்தான் பட்டைகள் அவிழும், நனைந்தால் அப்படியே திரும்பத் தூக்கிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் வீடியோ காலில் காட்டுகிறேன், தேதி முடிவானதும் போனில் சொல்கிறேன். அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு 6.30. ஏற்றம் யாருக்காகவும் நிற்காது, அதனால் தையல்கார அண்ணனின் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து அவரை எழுப்பிவிடுங்கள்.