மறை இணைப்புக்குறியை மூலக் கோப்பில் சேமிக்காதீர்கள்

மின்னூல் பதிப்பாளர்களுக்கும் இணைய இதழ்களின் பக்க வடிவமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ போன்ற ஒரு சொல் கைப்பேசித் திரையில் ஒரு வரியையே எடுத்துக்கொள்ளும். இருபுறமும் சமன்செய்த பத்தியில் அதற்கு முந்தைய வரி பெரும் இடைவெளிகளோடு நிற்கும். இதைச் சரிக்கட்டச் சிலர் சாதாரண இணைப்புக்குறியைத் தட்டிவிடுகிறார்கள். வாசகர் எழுத்தளவை மாற்றியதும் அந்தக் கோடு வரியின் நடுவே வந்துவிடுகிறது.

இதற்கென்றே இருப்பது சாஃப்ட் ஹைஃபன் எனும் மறை இணைப்புக்குறி. யூனிகோடில் அதன் எண் 173; எச்டிஎம்எல்லில் ­ என்று எழுதலாம். வேர்டிலும் லிப்ரேஆபிஸிலும் கன்ட்ரோல் விசையோடு இணைப்புக்குறியை அழுத்த வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஷிஃப்டும் சேரும். சொல் அந்த இடத்தில் முறிந்தால் மட்டுமே கோடு தெரியும்.

மற்ற நேரங்களில் கண்ணுக்குத் தெரியாததுதான் சிக்கல். ‘பொருளாதாரம்’ என்ற சொல்லில் இரண்டு குறிகள் இருந்தால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு அது வேறு சொல். உலாவியின் தேடல் பெரும்பாலும் குறியைக் கண்டுகொள்ளாது என்பதால் பிழை வெளியே தெரிவதில்லை. உங்கள் தளத்தின் தேடலும் பிழைதிருத்தியும் அவ்வாறே நடக்கும் என்று நம்ப முடியாது. நகலெடுத்தால் குறியும் கூடவே போகும். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கமும் (என்எஃப்சி) அதை நீக்காது. ஆகவே மூல உரை சுத்தமாக இருக்கட்டும். மின்னூலாக்கும் கடைசிப் படியில் நிரல் குறிகளைச் சேர்க்கட்டும்.

அந்த நிரல், யூனிகோட் தரும் குறியீட்டு எண்களை எண்ணிச் சொல்லை வெட்டக் கூடாது. ‘கொ’ நமக்கு ஓரெழுத்து, கணினிக்கு இரண்டு. இடையில் குறி விழுந்தால் உயிர்க்குறி புள்ளிவட்டத்தோடு தனித்து நிற்கும். புள்ளி வைத்த மெய் வரியைத் தொடங்கக் கூடாது: கண்/ணாடி சரி, க/ண்ணாடி தவறு. இந்த விதிக்குத் தப்பி உடைபவை க்ஷவும் ஸ்ரீயும். அவற்றைத் தனியாக விலக்கிவையுங்கள். இருமுனையிலும் இரண்டெழுத்தாவது மிஞ்ச வேண்டும். படித்துக்/கொண்டிருந்த எனச் சொல்லுறுப்பு முடியும் இடத்தில் முறிப்பது இன்னும் நல்லது. வல்லொற்று மேல்வரியிலேயே நிற்கட்டும்.

தமிழ் அச்சில் கோடில்லாமல் சொல்லை முறிக்கும் வழக்கம் உண்டு. அது வேண்டுமென்றால் பக்கத் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸின் ஹைஃபனேட்-கேரக்டர் பண்பை வெறுமையாக வையுங்கள். கோட்டைத் தவிர்ப்பதற்காக, கண்ணுக்குத் தெரியாமல் வரியை முறிக்க இடம்தரும் அகலமற்ற இடைவெளியை (எண் 8203) சொல்லுக்குள் நுழைப்பதை எங்களால் ஏற்கவே முடியாது. யூனிகோடின் சொல்லெல்லை விதி மறை இணைப்புக்குறியைத் தாண்டிச் செல்லும்; அகலமற்ற இடைவெளியிலோ சொல்லை இரண்டாக்கிவிடும்.

பழைய கோப்புகளில் 173, 8203 இரண்டையும் தேடி நீக்குங்கள். வேர்டின் தேடல் பெட்டியில் ^- என்று இட்டால் மறை இணைப்புக்குறி அகப்படும். 8203-ஐ மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள். சொற்களுக்கு இடையே வெற்றிடத்துக்குப் பதிலாக அது உட்கார்ந்திருந்தால் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகே தேடல் அட்டவணையைப் புதிதாக உருவாக்குங்கள்.

இப்படிக்கு,
தமிழ் மின்னூல் கோப்புகளைச் சீரமைப்போர்