சியாங் மாயில் வீடு தேடப் போகிறவனுக்கு

அன்புள்ள மாப்ளே,

தாய்லாந்தின் டி.டி.வி. விசா (வெளிநாட்டுக் கம்பெனி வேலையை அங்கிருந்தே பார்க்க விடும் விசா) கைக்கு வந்துவிட்டதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். ஒரு தடவை உள்ளே போனால் 180 நாள் இருக்கலாம் என்பதால், சியாங் மாயில் ஆறு மாதத்துக்கு ஒரு காண்டோவை (அடுக்குமாடிக் கட்டடத்து வீடு) ஊரிலிருந்தே பிடித்து அட்வான்ஸ் அனுப்பிவிடலாமா என்று கேட்கிறாய். அனுப்பாதே. ஃபேஸ்புக்கில் வரும் பல படங்கள் கட்டடம் புதிதாக இருந்தபோது எடுத்தவை. சிலவற்றில், படம் போட்டவருக்கும் அந்த அறைக்கும் சம்பந்தமே இருக்காது. முதல் பத்து நாளுக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ் பிடி. நாள் வாடகைக்குக் காண்டோ பார்க்காதே. ஓட்டல் உரிமம் இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக விடுவது அங்கே சட்டப்படி தப்பு. லிஃப்ட் பக்கத்திலேயே நோட்டீஸ் ஒட்டியிருக்கும் கட்டடங்கள் உண்டு.

அப்புறம் நடக்க வேண்டியதுதான். நல்ல அறைகள் பல இணையத்துக்கு வருவதே இல்லை. கேட்டில் போர்டு தொங்கும், கீழே ஆபீசில் கேட்டால் சாவியைக் கொடுத்துக் காட்டுவார்கள். 'ஹோங் வாங்' என்றால் காலி அறை, 'ஹை சாவ்' என்றால் வாடகைக்கு. நிம்மான் பகுதியில் காபிக் கடைக்கும் குறைவில்லை, வாடகைக்கும் குறைவில்லை. விமானம் வேறு தலைக்கு மேலே போகும். ஜெர்மனி கம்பெனியோடு மாலை முழுக்க மீட்டிங் இருக்கும் உனக்கு அது ஒத்துவராது. சாந்திதாம் பகுதியைப் பார். (நம்முடைய சாந்தி, தர்மம் இரண்டும் சேர்ந்த பெயர்தான் அது.) பழைய கட்டடங்கள், சந்தை பக்கத்தில், வாடகையும் கைக்கு அடக்கம்.

வாடகையை விட உன்னிப்பாகக் கேட்க வேண்டியது கரண்ட் ரேட். மின்வாரியத்துக்கு நேராகக் கட்டினால் யூனிட்டுக்குச் சுமார் 4 பாட் (தாய்லாந்துப் பணம்) ஆகும். கட்டட ஆபீசே மீட்டர் பார்த்து வசூலித்தால் 7, 8 பாட் கேட்கும் இடங்கள் உண்டு. 12,000 பி.டி.யு. ஏசி (நம்ம ஊர் ஒரு டன்) மணிக்கு முக்கால் யூனிட் இழுக்கிறது என்று வை. நீ வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன், தினம் பத்து மணி நேரமாவது ஓடும். மாதம் 225 யூனிட். 4 பாட் என்றால் 900, 8 பாட் என்றால் 1,800. ஃப்ரிட்ஜும் வாட்டர் ஹீட்டரும் தனி. ஆயிரம் பாட் மலிவு என்று எடுத்த அறை கடைசியில் மலிவே இல்லை என்று ஆகிவிடும். "பில் யார் பெயரில் வருகிறது, போன மாத பில்லைக் காட்டுங்கள்" என்று கேள். தயங்கினால் அடுத்த போர்டுக்கு நட.

அறையைப் பகலில் ஒரு தடவையும் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தடவையும் பார். ஏசியைப் பதினைந்து நிமிஷம் ஓடவிடு. ஈர நாற்றம் வந்தால் உள்ளே கழுவி வெகுநாள் ஆகிறது என்று அர்த்தம். வைஃபை வேகத்தை வரவேற்பறையில் பார்க்காதே, மேஜை போடப்போகும் மூலையில் பார். கட்டடம் முழுக்கப் பங்கிடும் வைஃபை இரவு எட்டு மணிக்குத் திணறும். தனி ஃபைபர் இழுக்க அனுமதி உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடு.

அட்வான்ஸ் வழக்கமாக இரண்டு மாதம், அதோடு முதல் மாத வாடகை. பணம் கொடுக்கும் முன் உரிமையாளரின் அடையாள அட்டை நகலும், 'தபியன் பான்' என்கிற வீட்டுப் பதிவுப் புத்தக நகலும் வாங்கு. பெயர் ஒத்துப்போகிறதா என்று கட்டடத்தின் நிர்வாக ஆபீசில் ('ஜூரிஸ்டிக் ஆபீஸ்' என்பார்கள்) கேட்டால் தெரிந்துவிடும். டி.எம்.30-க்கும் பெரும்பாலும் இதே காகிதங்கள்தான். வெளிநாட்டுக்காரர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அதுதான் டி.எம்.30. அபராதம் அவருக்கு, அலைச்சல் உனக்கு: அந்த ரசீது இல்லாமல் விசா நீட்டிப்புக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். செய்ய மாட்டேன் என்கிற வீட்டுக்காரரிடம் அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்காதே. நகல் கொடுத்தால் குறுக்கே கோடு போட்டு 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடு.

குடிபோகும் நாளில் மீட்டர் எண், மெத்தைக் கறை, சுவர்க் கீறல், ஏசி ரிமோட் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றைக்கே 'லைன்' ஆப்பில் (வாட்ஸ்அப் மாதிரி) வீட்டுக்காரருக்கு அனுப்பு. ஆறு மாதம் கழித்து அட்வான்ஸில் பிடித்தம் பற்றிப் பேச்சு வந்தால் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

நீ ஆகஸ்ட் 20 வாக்கிலேயே போவது நல்லது. நவம்பரில் கூட்டம் வந்துவிட்டால் பேரம் படியாது. செப்டம்பர் முதல் தேதியில் ஆறு மாத ஒப்பந்தம் போட்டால் பிப்ரவரி கடைசியில் முடியும். மார்ச், ஏப்ரலில் வயல் தாளையும் காட்டையும் எரிக்கும் புகை மலைகளுக்கு நடுவே தேங்கி, எதிர்க் கட்டடமே மங்கலாகத் தெரியும். அந்த இரண்டு மாதத்துக்கு வாடகை கொடுக்காதே, தெற்கே கடல் பக்கம் போய்விடு.

அம்மா மிக்ஸியையும் குக்கரையும் கட்டி அனுப்புவதாகச் சொன்னார்களாமே. மிக்ஸி ஓடும், அங்கேயும் 220-230 வோல்ட்தான். ஆனால் நம்ம உருண்டை மூன்று பின் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். குக்கர் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார். அலுமினியம் என்றால் இண்டக்‌ஷனில் சூடாகாது, காண்டோவில் கேஸ் அடுப்பு வைக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். அறை எடுக்கும்போது பால்கனிப் பக்கம் அடுப்பு வைக்க இடமும் ஒரு பிளக் பாயின்டும் இருக்கிறதா பார். மூடிய ஸ்டுடியோவில் மிளகாய் தாளித்தால் மெத்தை வரை நெடி ஏறும்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்