தூக்கி மூலையில போட முதல் டிஸ்க்கை ஒருக்கா பாருங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் பரந்தன் பக்கம் கொம்பியூட்டர் திருத்திற ஆள். போன மாசம் இஞ்ச ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனா 11 கொம்பியூட்டரை ஸ்லோ எண்டு மூலையில அடுக்கி வச்சிருக்கினம், வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் காசு சேத்து புதுசு வாங்கித் தரப்போகினமாம்.

ஒண்டைப் போட்டுப் பாத்தன். பாவிக்கிற நிலைக்கு வர ஆறு நிமிசம், டிஸ்க் லைட் அணையவே இல்லை, எது எவ்வளவு வேலை செய்யுதெண்டு காட்டிற டாஸ்க் மனேஜர்ல பாத்தா கணக்குப் போடுற சிபியு சும்மா கிடக்கு, எல்லாத்தையும் சேமிச்சு வைக்கிற டிஸ்க் மட்டும் 100 வீதத்தில நிக்குது. வேலை நடக்கேக்க தற்காலிகமா வச்சிருக்கிற ராம் 2 ஜிபிதான். ராம் காணாட்டி விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில எழுதி எழுதி எடுக்கும், அதுவோ நிமிசத்துக்கு 5400 தரம் சுத்திற பழைய டிஸ்க், ஒரு சுத்துக்கே 11 மில்லி செக்கன், வாசிக்கிற ஹெட் நகர்ர நேரம் வேற, அங்க ஒண்டு இஞ்ச ஒண்டா கேட்டா செக்கனுக்கு நூறு தரம் கூட எடுத்துக் குடுக்க ஏலாது.

விண்டோஸ் மாதிரி கொம்பியூட்டரை நடத்திற ஓஎஸ் தன்னால ஏலுமானதைச் செய்யுதுதான். வவுனியாவில எடுக்கிற பஸ் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் எண்டு வழியில நிக்கிற ஆக்களை வரிசையா ஏத்திக்கொண்டு வருமே, கிளிநொச்சிக்காரர் முதல் கேட்டவர் எண்டு அங்க ஓடிட்டு திரும்ப ஓமந்தைக்கு வராது, டிஸ்க் வேலையையும் அப்பிடித்தான் அடுக்கும். லினக்ஸ் எண்ட இன்னொரு ஓஎஸ்ஸில டெட்லைன் எண்டு அடுக்கிற முறை ஒண்டு இருக்கு, ஒருத்தரும் கனநேரம் றோட்டில காயக்கூடாது எண்டு கெடுவும் வைக்கும். ஆனா பஸ்சே ஓடமாட்டாத பஸ் எண்டா என்ன செய்யிறது?

அந்த ஒண்டுக்கு மட்டும் 4 ஜிபி ராமும் பழைய டிஸ்க்குக்குப் பதிலா சுத்தாத 120 ஜிபி எஸ்எஸ்டியும் போட்டன், இப்ப அரை நிமிசத்தில வருது.

யூடியூப் பாத்திட்டு பெடியள், எழுதக் காத்து நிக்கிறதை டிஸ்க்கில பதிய வைக்கிற ரைட் கேஷ் பிளஷிங்கை நிப்பாட்டி விடுறாங்கள் ஸ்பீட் வருமெண்டு, தயவுசெய்து செய்யாதேங்கோ, எங்கட பக்கம் கரண்ட் எப்ப போகுமெண்டு தெரியாது, போற நேரம் எழுதாம நிக்கிறதெல்லாம் அழிஞ்சு போகும். எஸ்எஸ்டிக்கு, சிதறிக் கிடக்கிற ஃபைல் துண்டுகளை ஒண்டாச் சேக்கிற டிஃப்ராக் செய்யிறமெண்டு காசு கேட்டாலும் குடுக்காதேங்கோ, அதுக்கு அது தேவையில்லை.

வெளிநாட்டில இருந்து உதவிற உறவுகள் முழு கொம்பியூட்டருக்குக் காசு அனுப்ப முதல் உள்ளுக்க என்ன கிடக்கெண்டு ஒருக்கா கேளுங்கோ. மிச்சம் பத்தும் இன்னும் மூலையிலதான் கிடக்கு, சாமானுக்கு மட்டும் காசு கிடைச்சா கூலி இல்லாம ஒரு ஞாயிற்றுக்கிழமையில முடிச்சுத் தருவன்.

கொம்பியூட்டர் திருத்துநர்,
பரந்தன்.