செஃபிக்ஸிம் என்ன மிட்டாயா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்க காட்பாடி பக்கம் மெடிக்கல் ஷாப்ல கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, சளி காய்ச்சல்னு சொன்னதும் சீட்டு கூட கேக்காம கத்திரிக்கோலால நாலு மாத்திரைய வெட்டி கவர்ல போட்டு குடுத்துடறாங்க, அதுல செஃபிக்ஸிம்ங்கற ஆன்டிபயாடிக்கும் (பாக்டீரியா கிருமிய கொல்ற மருந்து) இருக்கு. இது 2014-லேருந்து ஷெட்யூல் எச்1 மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாது, வித்தா நோயாளி பேரு டாக்டர் பேரு எல்லாம் ரெஜிஸ்டர்ல எழுதி 3 வருஷம் வெச்சிருக்கணும். எங்க எழுதறாங்க?

சளி பெரும்பாலும் வைரஸால வர்றது, ஆன்டிபயாடிக் அதுக்கு கேக்கவே கேக்காது. ஆனா வயித்துல இருக்கற கிருமிங்கள்ல மருந்துக்கு தப்பிச்சது மட்டும் பெருகிக்கினு, கடைசியில ஐசியூல வென்டிலேட்டர், யூரின் டியூப்னு படுத்திருக்கறவங்களுக்கு போய் தொத்துது, க்ளெப்சியெல்லா மாதிரி கிருமின்னா சில பேருக்கு மெரோபெனம்ங்கற பெரிய ஆன்டிபயாடிக்கே வேலை செய்யாம கோலிஸ்டின்ங்கற கடைசி கட்ட மருந்து வரைக்கும் போக வேண்டியதாயிடுது, அது கிட்னிய கெடுக்கும்.

ஆஸ்பத்திரிய மட்டும் திட்டி என்ன பிரயோஜனம், நம்ம ஆளுங்களும் ஒரு பெட்ட சுத்தி நாலு பேரு நின்னுகினு கைய கழுவாம காயத்து கட்ட தொட்டு பாக்கறாங்க (இதுல பிரியாணி பொட்டலம் வேற!).

மருந்து ஆய்வாளருங்க வேலூர், குடியாத்தம் கடைங்கள்ல அந்த ரெஜிஸ்டர ஒருவாட்டி எடுத்து பாக்கட்டும் சார்.

- ஒரு வாசகர், காட்பாடி